ஆலம்பொற்றையில் விளக்கு எரிகிறது

அத்தியாயம் 11

கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண் யாரென்று ஷைஜாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நடந்தது அது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவள், ஷைஜாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். "வக்கீலம்மா, எங்க வீட்ட நீங்க விலைக்கு எடுத்ததுனாலதான் பிள்ளைய நர்சிங்குக்குச் சேக்க முடிஞ்சு. முற்றத்துல நிக்க முருங்கைய மட்டும் வெட்டிராதிய" என்றாள்.

எந்த வீடு என்று கேட்க வாயெடுப்பதற்குள், அவள் ஷைஜாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். முகம் வெளுத்தது. கையை விட்டுவிட்டு மாயமாகிவிட்டாள்.

திரும்பினால், அங்கே நின்றது ஷைஜாவின் கணவன் எபிசன்.

"ஆளு மாறிப் பேசிருப்பா. தேர்தல் நேரத்துல நூறு பேரு நூறு சொல்லுவாவ" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது போலிருந்தது.

ஷைஜா அரசியலுக்குப் புதுசு. மலையடிவாரத்துக் கல் குவாரிக்கு எதிராக வருஷக்கணக்கில் வழக்கு நடத்திய வக்கீல் என்ற பெயர்தான் அவளுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தது. கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். சரி என்றாள்.

பணம் காசு விஷயம் முழுக்க எபிசன் பொறுப்பு. மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். வீட்டுச் செலவும், பிரசார வண்டியும், போஸ்டரும், தொண்டர்களுக்குச் சாப்பாட்டுப் பொதியும் அவன் கையால்தான் நடந்தன. எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வக்கீல் ஆபீஸைத் தங்கை ஜாஸ்மி பார்த்துக்கொண்டாள். அவளும் வக்கீல், அக்காவுக்கே ஜூனியர்.

இன்று காலை குழித்துறைச் சந்தையில் வாக்குச் சேகரிப்பு. மீன்காரப் பெண்கள் கன்னத்தைத் தடவினார்கள். பழக்கடைக்காரர் ஒருவர் மட்டிப்பழக் குலையையே தூக்கி வண்டியில் வைத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில்தான் ஷைஜா கேட்டாள்.

"ஜெபிஷே, நாம போற வழில ஆலம்பொற்றையக் காணல்லியே?"

ஜெபிஷ் எபிசனின் தம்பி. பிரசார வண்டியை ஓட்டுவது அவன்தான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அங்க என்னத்துக்கு மைனி? அங்க ஓட்டு இல்ல."

"ஓட்டு இல்லியா? குவாரிக் கேசுல அந்த ஊரு முழுக்க எனக்கிட்ட வந்தவங்கதானே!"

"அண்ணன் வேண்டாம்னாரு."

அந்த ஒரு வார்த்தைதான் அவளை உறுத்தியது. ஆலம்பொற்றைக்காரர்கள்தான் குவாரி மேல் வழக்குப் போட்டவர்கள். ஆரம்பத்தில் பஸ் பிடித்துக் கூட்டமாக நீதிமன்றத்துக்கு வருவார்கள். போன வருஷம் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். போன் போட்டால் எடுப்பதில்லை. கடைசியில் வாதிகள் ஆஜராகவில்லை என்று வழக்கே தள்ளுபடியாகிவிட்டது. கம்பெனிக்காரனுக்குப் பயந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மனதுக்குள் அவர்கள்மேல் ஒரு வருத்தமும் இருந்தது.

"சாப்பிட்டு முடி. நேர ஆலம்பொற்றைக்கு விடு" என்றாள்.

பேச்சிப்பாறைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து வண்டி மேலே ஏறியது. இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம். எதிரே தார்ப்பாய் மூடிய கல் லாரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ரப்பர் இலைகளில் வெள்ளைப் பொடி படிந்து, மரங்கள் நரைத்துப்போய் நின்றன. முன்பு ஜீப்கூடத் தட்டித் தடுமாறி ஏறிய பாதை, இப்போது இரண்டு லாரி ஒதுங்கும் அகலத்தில் தார் மினுமினுக்கக் கிடந்தது.

கடைசி வளைவில் ஜெபிஷ் வண்டியை நிறுத்தினான்.

"ஏன்டே?"

"நா வரல்ல மைனி. என்ன வற்புறுத்தாதிய." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்.

ஷைஜா இறங்கித் தனியாக நடந்தாள். மலைமேல் கோடை மழைக்கான கருக்கல் கூடியிருந்தது. பொழுது இறங்கவில்லை, ஆனாலும் பொற்றை என்கிற அந்தப் பாறைக் குன்றின் நிழலில் ஊர் இருண்டு கிடந்தது. அந்த இருட்டுக்குள் வரிசையாக விளக்குகள். எல்லா வீட்டிலும் பல்பு எரிந்தது. ஊர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு மூச்சு லேசானது.

"வீட்டுல ஆரு இருக்கா?" முதல் வீட்டு வாசலில் நின்று, பழக்கமான பிரசாரச் சிரிப்போடு கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முற்றங்கள் சுத்தமாகப் பெருக்கியிருந்தன. விளக்குமாறு இழுத்த கோடுகள் அப்படியே கிடந்தன. அவற்றின்மேல் ஒரு கோழியின் கால்தடம்கூட இல்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது அவளுடைய செருப்புத் தடம் மட்டும்தான்.

ஒரு வீட்டின் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள். உள்ளே கட்டில் இல்லை, பாத்திரம் இல்லை, மனுஷவாடை இல்லை. நடுக்கூடத்தில் ஒரு பல்பு மட்டும். உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் சுவர் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக அடுத்த வீட்டு வெளிச்சம் கத்திபோல உள்ளே விழுந்தது. பிளவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில், இடிக்கப்போகும் வீட்டுக்குப் போடுவதுபோல ஒரு பெருக்கல் குறி.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏட்டி லீலாபாயி... வெளக்கு போட்டாச்சா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு வேறொரு குரல், மூக்கால் பேசுகிற குரல்: "ஆ, போட்டாச்சு."

"சண்முகவடிவு... ஒனக்க மாப்பிள வந்தாச்சா?"

"எங்க வந்தாரு? சந்தைக்குப் போன மனுசன்." இது கரகரத்த குரல்.

அந்த மூக்குக் குரலை ஷைஜாவுக்குத் தெரியும். லீலாபாய் சாட்சிக் கூண்டில் ஏறி அந்தக் குரலில்தான் பேசினாள். ஆட்கள் இருக்கிறார்கள்! வேகமாகச் சந்தில் திரும்பினாள்.

அங்கே ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். ரப்பர் பால் கறை பிடித்த நைட்டி, தோளில் தோர்த்துத் துண்டு. ஒரு வீட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டு, காலி வாசலைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அவளே குரலை மாற்றிப் பதிலும் சொன்னாள்.

"தாணம்மாளா?" என்றாள் ஷைஜா.

அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். பால்வெட்டுத் தொழிலாளி தாணம்மாள்தான். வழக்கு நடந்த நாட்களில் ஷைஜாவுக்கு இஞ்சி போட்ட கடுங்காப்பி கொண்டுவந்து கொடுப்பவள். வக்கீல் என்றும் பார்க்காமல் தோளில் தட்டிப் பேசுவாள். இப்போது ஷைஜாவைக் கண்டதும் தோளில் கிடந்த தோர்த்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள். மேல்சாதிக்காரர் முன்னால் தோள்சீலை போடக்கூடாது என்றிருந்த இந்த மண்ணில், ஒரு பெண் தோள்துண்டை இறக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஷைஜாவுக்குத் தெரியும்.

"முதலாளியம்மா, மாசக் கடேசில வீட்ட விட்டு எறங்கிருவேன். அதுவர பொறுங்க."

"என்ன முதலாளியம்மாங்கிய? நா ஷைஜா. உங்க கேச நடத்தினேன்லா!"

"தெரியாதா எனக்கு? உங்கள நம்பித்தானே எல்லாரும் வீட்ட எழுதிக் குடுத்தாவ. கம்பெனிக்காரன் வந்து கேட்டப்போ ஒருத்தரும் அசையல்ல. பின்ன உங்க வீட்டுக்காரர் வந்தாரு. வக்கீலம்மா பேருக்கு எழுதுங்க, அவிய கைல இருந்தா பாறைல ஒரு உளி பட விடமாட்டாவன்னாரு. கண்ண மூடிட்டு எழுதினாவ."

"எனக்க பேருக்கா?"

"பின்ன? கரண்டு பில்லு உங்க பேர்லதானே வருது. நா வெளக்கு போட்டு பில்லு கூடிப்போச்சுன்னு ஏச வந்தியளோன்னு பயந்திட்டேன்."

ஷைஜா பக்கத்திலிருந்த படியில் உட்கார்ந்தாள். அதுவும் தன் பேரிலிருக்கிற படிதான் என்று தோன்றியதும் எழுந்துவிட்டாள்.

"எல்லா வீட்டுக்கும் எதுக்கு வெளக்கு?"

"ஆளில்லாத ஊருல ஒத்தைக்கு இருந்து பாத்திருக்கியளா அம்மா? வெளக்கு எரிஞ்சா ஆளு இருக்க மாதிரி. பேரச் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் கொஞ்சம் இருக்க மாதிரி."

"நீங்களும் போயிருக்கலாமே?"

தாணம்மாள் ஊர் நடுவே கையைக் காட்டினாள். அங்கே அய்யாவழிக்காரர்கள் கண்ணாடி வைத்துக் கும்பிடும் சின்ன நிழல்தாங்கல். திறந்த கதவு வழியே உள்ளே கண்ணாடியும், அதன் முன்னால் எண்ணெய் விளக்கும் தெரிந்தன. "அய்யாவுக்க எடம் ஒருத்தர் பேர்லயும் இல்ல. ஆரு எழுதிக் குடுப்பா? நா போனா திரி போட ஆளு வேண்டாமா?"

மேலே குவாரிப் பக்கமாக எச்சரிக்கைச் சங்கு ஊதியது. தாணம்மாள் சட்டென்று ஷைஜாவின் கையைப் பிடித்து வாசலுக்குள் இழுத்தாள். "கதவு நெலைக்குக் கீழ நில்லுங்க. அசையாதிய."

காலுக்கடியில் முதலில் வந்தது. பிறகுதான் சத்தம். பொற்றையே ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது போலிருந்தது. ஓட்டிலிருந்து பொடி கொட்டியது. எல்லா வீட்டிலும் பல்புகள் ஊஞ்சல்போல ஆடின. அந்த ஆட்டத்தில், காலி வீட்டுச் சுவர்களில் நிழல்கள் எழுந்தன. ஒன்று குனிந்தது. ஒன்று வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. சந்து முழுக்க யாரோ அவசரமாக நடமாடுவது போலிருந்தது.

"பாத்தியளா? வெடி வச்சா எல்லாரும் ஒருக்க எழும்பி நடப்பாவ" என்றாள் தாணம்மாள், ரொம்பச் சாதாரணமாக.

நிழல்கள் மெல்ல அடங்கின. ஒன்று மட்டும் அடங்கவில்லை. அது சந்துக்குள் நடந்து வந்துகொண்டே இருந்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது அது எபிசன்.

"ஜெபிஷ் போன் போட்டான். வா, மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்றான்.

"ஏன் அத்தான்?"

அவன் தாணம்மாளைப் பார்த்தான். அவள் விலகிப் போனாள்.

"எனக்குப் பவர் பத்திரம் எழுதித் தந்திருக்கல்லா? வீட்டு மனை வாங்கும்போது, மதுரைக் கோர்ட்டுக்கு ஓடுற அவசரத்துல. அது இப்பவும் இருக்கு."

"நா அதக் கேக்கல்ல. இந்த ஊரு உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சு? கம்பெனிக்காரனால முடியாதது உங்களால எப்பிடி முடிஞ்சு?"

எபிசன் குரலைத் தாழ்த்தினான். "நீதான் சொன்ன."

"நானா?"

"லீலாபாய்க்க மாப்பிளைக்குக் கிட்னி போச்சு, நெய்யூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு அலையுதாவன்னு ஆரு சொன்னா? சண்முகவடிவுக்க வீட்டுல பேங்கு நோட்டீஸ் ஒட்டினான்னு ஆரு சொன்னா? ராத்திரி சாப்பாட்டு மேசைல ஒவ்வொரு வீட்டுக் கதையும் சொல்லுவ. நா டிவி பாக்கேன்னு நெனச்ச. நா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஷைஜா வாயைப் பொத்திக்கொண்டாள். வழக்குக் கொடுத்தவர்கள் வக்கீலை நம்பிச் சொன்ன ரகசியம். யாருக்கு என்ன நோவு, எந்த வீடு முதலில் விழும், எந்த வீடு கடைசியில் விழும்? வழி முழுவதையும் அவளேதான் இவனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"மாசக் கடேசில கம்பெனிக்குக் கைமாத்திருவேன். பின்ன உனக்க பேர்ல ஒண்ணும் இருக்காது" என்றான்.

"வேட்புமனுச் சொத்துக் கணக்குல இது ஒண்ணையும் நா காட்டல்ல. சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்டிருக்கேன்!"

"ஆரு பாக்கா? நீ ஊருக்காகக் கேஸ் நடத்தின. நல்லது. அத்தன வருசம் வீடு எப்பிடி ஓடிச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியா? மஸ்கட்லேருந்து வெறுங்கையோட வந்தவன் நான். அத நீ ஒருநாளும் குத்திக் காட்டல்ல. ஆனா கேக்கவும் இல்ல, ஷைஜா. உனக்க கழுத்துல கிடக்க துண்டு, அந்த வண்டி, இனி ஏறப்போற மேடை எல்லாம் இந்தக் கல்லுதான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

எபிசனின் வண்டியிலேயே குழித்துறைக்குத் திரும்பினார்கள்.

ஆற்றங்கரை மைதானம் நிரம்பி வழிந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த கட்சிப் பெரியவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஷைஜா அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். எழுதிக் கொடுத்திருந்த பேச்சைப் புரட்டவே இல்லை.

"ஆலம்பொற்றைல இருக்க வீடெல்லாம் என் பேர்ல இருக்கு" என்றாள். "அத நான் யார்கிட்டயும் சொல்லல்ல. தேர்தல் அதிகாரிகிட்டயும் காட்டல்ல. அந்த ஊர்ல இப்போ ஆளில்ல."

ஆற்றில் தண்ணீர் பாலத்துத் தூணில் மோதுவது மேடை வரை கேட்டது.

பின்னாலிருந்து ஒரு கைதட்டல். கட்சிப் பெரியவர்தான். எழுந்து நின்று தட்டினார். முன்வரிசை தட்டியது. பிறகு மைதானமே தட்டியது.

"குவாரிக்காரன் காசுலதான்..." என்று அவள் தொடங்கினாள். மைக்கில் சத்தம் வரவில்லை. பெரியவரின் கையில் வேறொரு மைக் இருந்தது.

"கேட்டீர்களா தாய்மார்களே! மலையைக் காப்பாற்ற ஊரையே வாங்கியிருக்கிறார்! வெளியே சொல்லாமல் செய்திருக்கிறார்! இப்படி ஒரு வேட்பாளரை எங்காவது கண்டதுண்டா?"

ஷைஜா தலையை அசைத்தாள். இல்லை, இல்லை என்று கையைக் காட்டினாள். அது கூட்டத்துக்குத் தன்னடக்கமாகத் தெரிந்தது. கைதட்டல் இன்னும் ஓங்கியது. அத்தனை முகங்களிலும் நம்பிக்கை, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அவளால் அந்த முகங்களைப் பார்க்கவே முடியவில்லை.

மேடையை விட்டு இறங்கினாள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வழிமறித்துக் கும்பிட்டார்.

"நா பொன்னுலிங்கம். எங்க பொற்றையவும் அளக்க ஆளு வந்திருக்கு. எங்க ஊரயும் நீங்களே எடுத்துப் போடுங்க வக்கீலம்மா. உங்க பேர்ல இருந்தாத்தான் எங்களுக்கு ஒறக்கம் வரும்."

"வேண்டாம். எனக்கு எழுதிக் குடுக்காதிய. ஆருக்கும் குடுக்காதிய!" கிட்டத்தட்ட அலறினாள்.

பொன்னுலிங்கத்தின் கண் நிறைந்தது. "கொள்ளாம், நல்ல வார்த்தை. வேண்டாம்னு சொல்லுத ஆளு கைலதான் குடுக்கணும்."

அவருக்குப் பின்னால் இன்னும் பலர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் விலகி நடந்தபோது, முதுகுக்குப் பின்னால் எபிசனின் குரல் பணிவாகக் கேட்டது. "அண்ணாச்சி, உங்க ஊரு எது? நம்பரு தாங்க."

அவள் பந்தலுக்கு வெளியே இருட்டில் நின்று ஜாஸ்மிக்குப் போன் போட்டாள்.

"போன்ல பாத்தேன் அக்கா. எல்லாரும் ஒன்னப் பத்தித்தான் பேசுதாவ" என்றாள் தங்கை.

"நாளக் காலத்த தேர்தல் அதிகாரிக்கு ஒரு புகார் போணும். வேட்பாளர் ஷைஜா சொத்த மறைச்சு உறுதிமொழி குடுத்தாள்னு. இப்பவே எழுதத் தொடங்கு."

"ஆரு புகார் குடுக்கா?"

"நாந்தான்."

லைன் போய்விட்டதோ என்று ஷைஜா திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"ஜாஸ்மி?"

"அக்கா, அந்தப் பத்திரத்துல எல்லாம் சாட்சிக் கையெழுத்து உண்டு. உனக்குத் தெரியுமா?"

"ஆருக்க கையெழுத்து?"

"ஜெபிஷுக்கது ஒண்ணு."

"மற்றது?"

ஜாஸ்மி சின்னப் பிள்ளையில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நின்றால் எப்படி விக்குவாளோ, அப்படி ஒரு விக்கல் மட்டும் கேட்டது.

ஷைஜா கண்ணை மூடித் திறந்தாள். கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

"அழாத. ஆபீசப் பூட்டிராத. நா வாறேன்" என்றாள்.

எபிசனின் வண்டி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது. ஷைஜா கழுத்திலிருந்த கட்சித் துண்டை உருவி அதன் சீட்டில் போட்டுவிட்டு, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.